கிராண்ட் ஆற்றில் கனூவிலிருந்து பாஸ் மீன் பிடித்தல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கனூ எனும் ஒடுங்கிய துடுப்புப் படகில் இருவர் ஏறினால் முன்னே இருப்பவர் தூண்டில் எறிவார், பின்னே இருப்பவர் துடுப்புப் பிடிப்பார். மீன் அகப்பட்டதும் அதைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்பவர் முன்னே இருந்தவர்தான். ஆனால் ஒன்ராறியோவின் தென்மேற்கில் ஓடும் கிராண்ட் ஆற்றில் பல கோடைகளைக் கழித்த பிறகு, அந்த மீனைப் பிடித்துக் கொடுத்தவர் பின்னே இருந்தவரே என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தூண்டில் எறிவதை ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம். ஓடும் நீரில் பதினாறு அடி நீளமான படகைச் சரியான கல்லுக்குச் சரியான தூரத்தில் தேவையான நேரம் நிறுத்தி வைக்கக் கற்பதற்கு ஒரு பருவம் முழுவதும் வேண்டும். ஆகவே இந்தக் கட்டுரையில் தூண்டிலைவிடப் படகையும் தண்ணீரையும் பற்றியே அதிகம் எழுதுகிறேன். ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம் பக்கங்களிலிருந்து ஒரு விடுமுறை நாளில் இந்த ஆற்றுக்குப் போய்வர விரும்புகின்ற, இதுவரை கனூவில் ஏறியிராத ஒருவரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

ஆறும் மீனும்

கிராண்ட் ஆறு டண்டாக் பக்கத்து மேட்டுநிலத்தில் தோன்றி, முந்நூறு கிலோமீட்டரை நெருங்கும் தூரம் தெற்கே ஓடி, போர்ட் மெய்ட்லண்டில் ஈரி ஏரியைச் சேர்கிறது. கொனெஸ்டோகோ, ஸ்பீட், நித் ஆகிய ஆறுகள் வழியில் வந்து கலக்கின்றன. 1784ஆம் ஆண்டின் ஹால்டிமண்ட் பிரகடனம் இந்த ஆற்றின் இரு கரைகளிலும் ஆறாறு மைல் அகலமான நிலத்தை ‘ஆறு தேச மக்கள்’ (Six Nations) எனப்படும் பூர்வகுடியினருக்கென ஒதுக்கியது. இன்று அவர்களிடம் எஞ்சியிருப்பது அதில் ஒரு சிறு பகுதியே. பிராண்ட்போர்ட்டுக்குக் கீழே போகும்போது அவர்களுடைய நிலத்தின் ஓரமாகவே செல்கிறோம் என்பதை மனத்தில் வைத்திருங்கள். அந்தக் கரைகளில் கேட்காமல் இறங்க வேண்டாம். 1994இல் கனடாவின் மரபுரிமை ஆறுகளில் ஒன்றாக இது அறிவிக்கப்பட்டது.

முன்பு கோடையில் இந்த ஆறு ஏறக்குறைய வற்றிப்போய், நகரங்களின் கழிவோடு நாறியது. 1942இல் ஃபேர்கஸுக்கு அருகே ஷாண்ட் அணை கட்டி முடிக்கப்பட்டது. இளவேனில் வெள்ளத்தைத் தேக்கி வைத்துக் கோடையில் சிறிது சிறிதாக விடுகிற வழி அதனோடு தொடங்கியது. பிறகு வேறு அணைகளும் சேர்ந்தன. கிராண்ட் ஆற்றுப் பாதுகாப்பு ஆணையம் இப்போது பிராண்ட்போர்ட்டில் கோடைக் காலத்தில் வினாடிக்கு 17 கனமீட்டர் நீராவது ஓட வேண்டும் என்ற இலக்கோடு இந்த அணைகளை இயக்குகிறது. ஆகஸ்டு மாதத்தில் நம் கனூ தரை தட்டாமல் போவதும், அந்த நீரில் பாஸ் உயிரோடு இருப்பதும் இதனால்தான்.

இங்கே நாம் தேடுவது ஸ்மால்மவுத் பாஸ். வெண்கலமும் பச்சையும் கலந்த உடல், பக்கவாட்டில் மேலிருந்து கீழாக இறங்கும் மங்கலான பட்டைகள், பெரும்பாலும் சிவந்த கண். வாயை மூடியிருக்கும்போது மேல்தாடையின் முடிவு கண்ணின் பின்விளிம்பைத் தாண்டாது; தாண்டினால் அது லார்ஜ்மவுத். லார்ஜ்மவுத் பாசிபடர்ந்த தேங்கு நீரை விரும்பும், ஸ்மால்மவுத் கல்லையும் ஓட்டத்தையும் விரும்பும். முப்பது சென்டிமீட்டர் வளர்வதற்கு இந்தக் குளிர் நாட்டில் அதற்குச் சுமார் நான்கைந்து ஆண்டுகள் ஆகின்றன. பிடித்த ஒவ்வொன்றையும் சட்டிக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இந்தக் கணக்கே முதல் காரணம்.

அட்டை, உரிமம், பருவம்

பதினெட்டு முதல் அறுபத்து நான்கு வயது வரையுள்ள ஒன்ராறியோவாசிகள் மீன் பிடிப்பதற்கு இரண்டு வேண்டும்: மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் அவுட்டோர்ஸ் கார்டு, அதனோடு சேர்ந்த மீன்பிடி உரிமம். அந்த வயதுக்கு உட்படாதவர்கள் வயதைக் காட்டும் அடையாள அட்டையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். உரிமம் இரண்டு வகைப்படும். ஸ்போர்ட் உரிமத்தில் அதிக மீன்களை வைத்துக்கொள்ளலாம். கன்சர்வேஷன் உரிமம் விலை குறைவு, வைத்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கையும் குறைவு. புதியவருக்கு இரண்டாவதே போதும். குடும்ப நாள் வார இறுதி, அன்னையர் தின வார இறுதி, தந்தையர் தின வார இறுதி, ஜூன் கடைசியிலும் ஜூலைத் தொடக்கத்திலுமாக வரும் குடும்ப மீன்பிடி வாரம் ஆகியவற்றில் கனடாவில் வசிப்பவர்கள் உரிமம் இல்லாமலே மீன் பிடிக்கலாம். இவற்றில் பாஸுக்குப் பொருந்துவது பெரும்பாலும் கடைசியாகச் சொன்ன வாரமே.

ஏனெனில் இந்தப் பகுதியில் பாஸ் பருவம் ஜூன் மாதத்தின் பிற்பாதியில் ஒரு சனிக்கிழமைதான் திறக்கிறது. கிராண்ட் ஆறு 16ஆம் மீன்வள முகாமை வலயத்தில் இருக்கிறது. அந்த ஆண்டுக்கான ஒழுங்குவிதிச் சுருக்கத்தில் அந்த வலயத்தின் பக்கங்களைத் திறந்து திகதியையும் எண்ணிக்கையையும் பாருங்கள். பொதுப் பட்டியலோடு நிறுத்திவிடாமல், அதற்குப் பின்னால் வரும் விதிவிலக்குப் பட்டியலையும் படியுங்கள். பாரிஸ் ஊருக்குக் கீழே பிராண்ட்போர்ட்டை நோக்கிச் செல்லும் பகுதி அவ்வாறு தனியாகப் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட பகுதி. செயற்கை இரை, எதிர்முள் (தூண்டில் முள்ளின் நுனியருகே பின்னோக்கி நிற்கும் கூர்) இல்லாத ஒற்றை முள் என்று அதற்குத் தனி விதிகள் உண்டு.

பருவம் ஏன் இவ்வளவு தாமதமாகத் திறக்கிறது என்பதை அறிந்துகொண்டால் விதியைக் கடைப்பிடிப்பது சுமையாக இராது. வசந்தத்தின் முடிவில் தண்ணீர் பதினைந்து பாகை செல்சியஸை அண்மிக்கும்போது ஆண் மீன் வாலால் சரளைக் கற்களை விசிறித் துப்புரவாக்கி வட்டமான ஒரு கூட்டை அமைக்கிறது. பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டை பொரித்து, குஞ்சுகள் கலைந்து போகும் வரை தந்தையே காவல். அந்தத் தந்தையை ஐந்து நிமிடம் தூண்டிலில் இழுத்துப் பிடித்து வைத்தாலே, சுற்றிக் காத்திருக்கும் சிறு மீன்கள் கூட்டைச் சூறையாடிவிடும். பிடித்துவிட்டுத் திருப்பி விடுகிறோமே என்ற சமாதானம் இங்கே செல்லாது. பருவம் திறந்த பிறகும், கரையோரச் சரளையில் ஒரு மீன் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதைக் கண்டால் அதை விட்டு விலகிப் போங்கள்.

கனூவுக்குள் இருக்க வேண்டியவை

சட்டப்படி ஒவ்வொருவருக்கும் அளவான, அங்கீகரிக்கப்பட்ட உயிர்காப்பு அங்கி படகில் இருக்க வேண்டும். அது படகில் கிடந்தால் போதும் என்பது சட்டம். உடம்பில் பூட்டியிருக்க வேண்டும் என்பது ஆற்றின் விதி. மிதக்கும் எறிகயிறு குறைந்தது பதினைந்து மீட்டர், விசில், தண்ணீர் இறைக்க ஒரு பாத்திரம் ஆகியவையும் சட்டம் கேட்பவைதான். இவற்றோடு ஒரு மேலதிகத் துடுப்பு, கழுத்தில் தொங்கும் சிறு கத்தி, மாற்றுடை அடங்கிய நீர்புகாப் பை, குடிநீர் ஆகியவற்றையும் வையுங்கள். முன்னிரவில் திரும்பும் எண்ணம் இருந்தால் விளக்கும் வேண்டும். எல்லாவற்றையும் குறுக்குச் சட்டத்தில் கட்டுங்கள். கட்டாத எதுவும் படகு கவிழும் நாளில் உங்களுடையதாக இராது.

முதல் நாள் மீன் பிடிக்க வேண்டாம்

இதை நான் சொல்லும்போது பலருக்கு முகம் வாடுகிறது. ஆனாலும் சொல்கிறேன்: முதல் நாள் தூண்டில் கோலை வீட்டில் வைத்துவிட்டு, பெல்வுட் ஏரி போன்ற அசையாத நீரில் அரை நாள் துடுப்பு வலிக்க மட்டும் செல்லுங்கள்.

ஏறும்போது ஒருவர் படகைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் குனிந்து, இரு விளிம்புகளிலும் கைகளை வைத்து, படகின் நடுக்கோட்டில் மட்டுமே கால் வைத்து நடக்க வேண்டும். பழகும் வரை இருக்கையில் அமர்வதைவிட முழந்தாளிட்டு இருப்பது நல்லது; எடை கீழே இறங்க இறங்கப் படகு உறுதிப்படும். அணியத்தில் இருப்பவர் வேகத்தையும், பின்னால் இருப்பவர் திசையையும் பார்த்துக்கொள்வார். வல்லத்திலும் தோணியிலும் பழகிய நம்மவர்கள் சிலர், நின்றுகொண்டு கோல் ஊன்றிய பழக்கத்தில் இங்கேயும் எழுந்து நிற்கப் பார்க்கிறார்கள். கனூவின் அகலமும் அடிப்பாகமும் அதற்கு ஏற்றவை அல்ல.

நான்கு அசைவுகள் கைவந்தால் ஆற்றுக்குப் போகலாம். முன்னோக்கி வலித்தல், பின்னோக்கி வலித்தல், துடுப்பைப் பக்கத்தே நீட்டி நீரைத் தன்பக்கம் இழுத்துப் படகைப் பக்கவாட்டில் நகர்த்துதல், ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் துடுப்பின் தட்டைச் சற்று வெளிப்புறமாகத் திருப்பித் தள்ளி, பக்கம் மாற்றாமலே படகை நேராக வைத்திருத்தல். இவற்றுள் மீன்பிடிக்கு மிக உதவுவது பின்னோக்கி வலித்தல்தான். ஓட்டத்தோடு போகும் படகை ஓட்டத்தைவிட மெதுவாகப் போகச் செய்வது அதுவே.

அதே ஏரியில், கரைக்கு அருகே, வேண்டுமென்றே ஒரு முறை படகைக் கவிழ்த்துப் பாருங்கள். அதை நான் செய்யாமல் விட்டேன். முதல் கோடையில், பாரிஸுக்கு மேலே இடுப்பளவு நீரில், என் மைத்துனர் பின்னால் இருந்து படகை நிறுத்திப் பிடித்திருந்தபோது என் தூண்டிலில் ஒரு நல்ல மீன் விழுந்தது. அது வலப்பக்கம் ஓடியது. நான் அதன் பின்னே சாய்ந்து பாதி எழுந்தேன். "எழும்பாதேங்கோ, அத்தான்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், மீனைப் பார்ப்பதற்காக அவரும் அதே பக்கம் சாய்ந்திருந்தார். படகு சத்தமே இல்லாமல் புரண்டது. ஜூலை மாதத்து நீர்தான். ஆனாலும் மார்பை இறுக்கியது, சில கணங்கள் மூச்சு வரவில்லை. அங்கி பூட்டியிருந்ததால் தலை மேலே இருந்தது. ஒருவர் சாய்ந்தால் மற்றவர் அசையாமல் இருக்க வேண்டும். மீன் எந்தப் பக்கம் போனாலும் மூக்கு படகின் விளிம்பைத் தாண்டக் கூடாது. அன்றிலிருந்து எங்கள் படகில் இவை இரண்டும் விதிகள்.

கவிழ்ந்துவிட்டால் படகுக்கு மேல்நீர்ப் பக்கமாக, அதாவது ஓட்டம் வரும் பக்கமாக, இருங்கள். நீர் நிறைந்த கனூ உங்களைக் கல்லோடு சேர்த்து நசுக்கக் கூடும். மல்லாந்து மிதந்து, பாதங்களைக் கீழ்நீர்ப் பக்கமாக நீட்டி மேற்பரப்புக்கு அருகே வைத்துக்கொள்ளுங்கள். விரைந்து ஓடும் நீரில் எழுந்து நிற்க முயல வேண்டாம். கற்களுக்கிடையே பாதம் மாட்டிக்கொண்டால் ஓட்டம் உடலை முன்னே தள்ளி முகத்தை நீருக்குள் அழுத்திவிடும்.

அணைகளும் விழுந்த மரங்களும்

கிராண்ட் ஆற்றில் உயிரைப் பறிக்கக்கூடியவை பெரும்பாலும் இவை இரண்டுதான். கேம்பிறிட்ஜில் பார்க்ஹில் அணை, பாரிஸில் பென்மன் அணை, பிராண்ட்போர்ட்டில் வில்க்ஸ் அணை, அதற்கும் கீழே கலிடோனியாவில் ஒன்று எனக் குட்டையான அணைகள் ஆற்றின் குறுக்கே கிடக்கின்றன. மேலிருந்து வரும்போது ஒரு நேர்க்கோடு மட்டுமே தெரியும். ஓசையும் பெரிதாகக் கேட்காது. ஆனால் அணையின் அடியில் விழும் நீர் மேலெழுந்து மீண்டும் அணையை நோக்கியே சுருண்டு வருகிறது. அதில் அகப்பட்ட படகும் மனிதரும் வெளியேற முடியாமல் அதே இடத்தில் சுழன்றுகொண்டிருப்பார்கள். உதவப் போனவர்களும் அகப்படுவார்கள். ஆகவே பயணத்துக்கு முன் வரைபடத்தில் ஒவ்வோர் அணையையும் குறித்து, அதற்கு நன்கு முன்பாகவே கரையேறும் இடத்தை முடிவு செய்யுங்கள். கீழிருந்து அணையின் அடிக்குப் படகில் போவதும் அதே அளவு ஆபத்து. அங்கே மீன் கூடி நிற்கும் என்பது உண்மை. வேண்டுமானால் அனுமதி உள்ள இடத்தில் கரையிலிருந்து எறியுங்கள்.

ஆற்றுக்குள் சாய்ந்து கிடக்கும் மரத்தின் கிளைகளூடாகத் தண்ணீர் போகும், மனிதர் போக முடியாது. வளைவுகளின் வெளிப்புறத்தில்தான் மரங்கள் விழுகின்றன, ஓட்டமும் அங்கேதான் தள்ளுகிறது. வளைவைக் காணும்போதே உட்புறமாக ஒதுங்கிவிடுங்கள்.

எந்தப் பகுதி, எந்த நாள்

புதியவருக்கு நான் சொல்வது கேம்பிறிட்ஜுக்குக் கீழே கிளென் மொரிஸ் ஊரில் இறங்கி, பாரிஸில் பென்மன் அணைக்கு மேலே கரையேறும் பகுதி. பத்துக் கிலோமீட்டர் அளவிலான தூரம். நேரே வலித்தால் இரண்டு மணி நேரம், மீன் பிடித்துக்கொண்டு போனால் ஐந்தாறு மணி நேரம். நுரைத்துப் பாயும் கடும் ஓட்டம் இல்லை, கல் நிறைய உண்டு. கேம்பிறிட்ஜ் முதல் பாரிஸ் வரை, பழைய தொடர்வண்டிப் பாதை ஒன்று நடைபாதையாக ஆற்றை ஒட்டியே போகிறது. இரண்டு கார்கள் இல்லாதவர்கள் கரையேறும் இடத்தில் ஒரு சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு, முடிவில் அந்தப் பாதையில் மிதித்துப்போய்க் காரை எடுத்து வரலாம். கனூவை வாடகைக்குக் கொடுத்து, ஏற்றி இறக்கியும் விடுபவர்களும் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். முதல் பயணத்துக்கு அவர்களிடம் போவதே செலவுக்கும் பாதுகாப்புக்கும் நல்லது. அன்றைய நீரின் நிலையையும் கேட்டுக்கொள்ளலாம்.

புறப்படுமுன் பாதுகாப்பு ஆணையம் வெளியிடும் நீரோட்டக் கோட்டுப்படத்தைப் பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிடக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதே முக்கியம். ஏறிக்கொண்டிருந்தால் போக வேண்டாம்: ஓட்டம் தள்ளும், தண்ணீர் பால்விட்ட தேநீர் நிறத்தில் கலங்கியிருக்கும், மீனுக்கு இரை தெரியாது. மழைக்குப் பிறகு கோடு இறங்கி, தட்டையாகி இரண்டு நாள் ஆன பின் போனால், தெளியத் தொடங்கிய நீரில் பசியோடு மீன் இருக்கும். முழங்காலளவு நீரில் நின்று உங்கள் பாதம் தெரிகிறதா என்று பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால் நல்ல நாள். இடி கேட்டால் உடனே கரை.

தண்ணீரை வாசித்தல்

ஸ்மால்மவுத் பாஸுக்கு இரண்டு ஆசைகள்: ஓட்டம் இரையைக் கொண்டுவர வேண்டும், தான் ஓட்டத்தோடு மல்லுக்கட்டக் கூடாது. இந்த இரண்டும் சேரும் இடம் விரைந்த நீரும் மெதுவான நீரும் உரசும் கோடு. ஆற்றில் அந்தக் கோட்டைக் கண்ணால் காணலாம். ஒரு பக்கம் சுருக்கங்களோடு நீர் ஓட, மறுபக்கம் எண்ணெய் ஊற்றியது போல் வழவழப்பாக நிற்கும். நுரைத் துளிகள் அந்தக் கோட்டின் வழியே வரிசையாகப் போகும். இரையும் அந்த வழியேதான் போகிறது.

ஒரு கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய அடுப்பளவு கல், பாதி நீருக்கு வெளியே நிற்கிறது. பலரும் அதன் பின்னே உள்ள சுழலை மட்டும் பார்க்கிறார்கள். பின்னே மீன் இருப்பது உண்மைதான். ஆனால் கல்லின் முன்னே நீர் மோதித் திரும்புவதால் அங்கேயும் ஒரு சிறு தலையணை போன்ற மெது நீர் உண்டு. பெரிய மீன் பல சமயம் அங்கே, வருவதை முதலில் எடுத்துக்கொள்ளும் இடத்தில் நிற்கும். எனவே முதலில் கல்லுக்கு மேல்நீர்ப் பக்கம் எறிந்து இரையை இறங்கி வரவிடுங்கள், பிறகு இரு பக்கக் கோடுகள், கடைசியாகப் பின்சுழல். ஒரு கல்லுக்கு நான்கைந்து வீச்சுகளுக்கு மேல் செலவிட வேண்டாம்.

கல்லைவிடவும் வளமான இடம், ஆழமற்ற கல்லோட்டம் முடிந்து மடுவாக ஆழம் இறங்குகிற வாய். சரளையில் புரண்டு வரும் நீரில் உயிர்வளி மிகுதி. கிரேஃபிஷ் எனும் நன்னீர் இறால்களும் பூச்சிகளும் சிறு மீன்களும் அங்கிருந்து மடுவுக்குள் உருட்டப்படுகின்றன. வெயில் கடுமையான ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் விடியலிலும் மாலையிலும் மீன் இந்த வாய்க்கு ஏறி வரும். நடுப்பகலில் மடுவின் ஆழத்துக்கோ மர நிழலுக்கோ இறங்கிவிடும். செப்ரெம்பரில் நீர் குளிரத் தொடங்கியதும் நாள் முழுவதும் தின்னும். எனக்கு மிகப் பிடித்த மாதம் அதுவே. ஒக்டோபரின் முடிவில் ஆழமான மடுக்களில் கூட்டமாக ஒடுங்கிவிடும். அப்போது நீர் குளிர்ந்திருக்கும், கவிழ்ந்தால் மீள்வது கடினம்; புதியவர்கள் அந்தக் காலத்தில் கனூவில் போகாதிருப்பது நல்லது.

கோலும் இரையும்

இதை நீட்ட வேண்டியதில்லை. ஆறரை அடி முதல் ஏழு அடி வரையிலான நடுத்தர வலுவுள்ள ஸ்பின்னிங் கோல் ஒன்று, 2500 அளவு ரீல், எட்டு இறாத்தல் நரம்பு. ஊரில் தங்கூசி என்று நாம் சொல்லும் அதே ஒற்றை நைலோன் இழைதான் நரம்பு. முதல் ஆண்டில் வேறெதுவும் வேண்டாம்.

போலி இரைகளில் மூன்று போதும். முதலாவது டியூப் எனப்படும் மென்பிளாஸ்டிக் குழாய். மூன்றரை அங்குலம், பூசணிப் பச்சை நிறம், உள்ளே எட்டில் ஒரு பங்கு அல்லது நான்கில் ஒரு பங்கு அவுன்ஸ் எடையுள்ள தலைமுள், அதாவது தலையில் எடை சேர்ந்த தூண்டில் முள். கல்லடியில் பின்னோக்கி ஓடும் கிரேஃபிஷைப் போல அது தெரியும். இரண்டாவது, சுழலும் தகடு கொண்ட மூன்றாம் எண் ஸ்பின்னர். எறிந்து சுற்றினால் போதும் என்பதால் குழந்தைகளுக்கும் ஏற்றது. மூன்றாவது, விடியலில் மேற்பரப்பில் இழுப்பதற்கு ஒரு பொப்பர். ஸ்பின்னரிலும் பொப்பரிலும் மும்முள் இருந்தால் கழற்றி ஒற்றை முள்ளை மாட்டுங்கள். எல்லா முட்களின் எதிர்முள்ளையும் குறட்டால் நசுக்கிவிடுங்கள். ஆடும் படகில் உங்கள் விரலிலோ மற்றவர் காதிலோ முள் ஏறும் நாளில் அதன் அருமை தெரியும்.

உயிருள்ள இரையைப் புதியவர் தவிர்ப்பது நல்லது. சிறு மீன், அட்டை போன்ற இரைகளை ஒரு வலயத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதற்கு ஒன்ராறியோவில் கட்டுப்பாடு உண்டு. கிரேஃபிஷைப் பிடித்த நீர்நிலையிலேயே பயன்படுத்த வேண்டும், தரைவழியே எடுத்துச் செல்லக் கூடாது.

ஓட்டத்தில் படகை நிறுத்துதல்

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம். நான்கு வழிகளைச் சொல்கிறேன். எனக்குப் பிடித்த வரிசையில்.

முதல் வழி, நிறுத்தாமல் மெதுவாக்குவது. படகின் முகம் கீழ்நீரைப் பார்க்க, பின்னால் இருப்பவர் இடைவிடாமல் சிறு சிறு வலிப்புகளாகப் பின்னோக்கி வலிக்கிறார். படகு நுரைத் துளிகளைவிட மெதுவாக இறங்குகிறது. முன்னால் இருப்பவர் பத்து மணித் திசைக்கும் இரண்டு மணித் திசைக்கும் இடையே மட்டும் எறிகிறார். கோலைப் பக்கவாட்டில் விசிறாமல் தலைக்கு மேலாகக் கொண்டுவருகிறார். ஒருவர் எறியும்போது மற்றவர் எறிவதில்லை. ஒரு மடு முடிந்ததும், அல்லது ஒரு மீன் கிடைத்ததும், கரையேறி இடம் மாறிக்கொள்ளுங்கள். ஒருவரே நாள் முழுவதும் துடுப்புப் பிடித்தால் அடுத்த முறை அவர் வரமாட்டார்.

இரண்டாவது வழி, கல்லின் பின்சுழலில் படகை நுழைத்து ஓய்வாக நிறுத்துவது. சுழலுக்குள் நீர் மேல்நோக்கித் திரும்புவதால் படகு தானாகவே நிற்கும். நுழையும்போது முகம் மெது நீரிலும் பின்பாதி விரைந்த நீரிலும் இருக்கும் ஒரு கணத்தில் படகு சடாரெனத் திரும்பும். அப்போது இருவரும் திரும்பும் பக்கத்துக்குள் சற்றே சாய வேண்டும். இதை முதலில் மெதுவான ஓட்டத்தில் பழகுங்கள்.

மூன்றாவது, கனூவைச் சரளைத் திட்டில் ஏற்றிவிட்டு இறங்கி நடப்பது. கோடை நீரில் நல்ல இடங்கள் பலவற்றுக்கு முழங்காலளவு நீரில் நின்றே எறியலாம். மேல்நீருக்கு நடந்துபோய், மடுவின் வாயைக் கால்மணி நேரம் பொறுமையாகத் துழாவிவிட்டுத் திரும்பி வரலாம். படகைப் பாதிக்கு மேல் கரையில் இழுத்து, முன்கயிற்றை ஒரு மரத்தில் கட்ட மறக்க வேண்டாம். பழைய செருப்பு போதாது, கட்டிய காலணி வேண்டும். கரைப் புதருக்குள் போகும்போது மூன்று மூன்றாக இலை கொண்ட பாய்சன் ஐவி எனும் நச்சுக்கொடியைத் தொடாதீர்கள், வீடு திரும்பியதும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

நங்கூரத்தைக் கடைசியில் வைத்தேன். மெதுவான மடுவில், படகின் முனைகளில் ஒன்றிலிருந்து, இழுத்தால் அவிழும் முடிச்சோடு போடலாம். விரைந்த ஓட்டத்தில் போடவே கூடாது. பக்கவாட்டில் கட்டிய நங்கூரம் கல்லில் மாட்டினால் ஓட்டம் படகின் இடுப்பைப் பிடித்துக் கவிழ்த்துவிடும். நங்கூரத்துக்குப் பதிலாக, ஒரு மீட்டர்ச் சங்கிலியைப் பழைய சைக்கிள் டியூபுக்குள் திணித்து, பின்முனையிலிருந்து தரையில் இழுபட விடுவது நல்ல உபாயம். படகு வேகம் குறைந்து நேராகவே இறங்கும். அதற்கும் கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கடித்த பின்

டியூபைக் கல்லுக்கு மேல்நீரில் எறிந்து, அது அடியைத் தொடும் வரை நரம்பைத் தளர்வாக விடுங்கள். கோலின் நுனியை ஒரு சாண் உயர்த்துங்கள், இறக்குங்கள், உபரி நரம்பைச் சுற்றுங்கள். கல்லில் தட்டுவது விரலில் 'டக், டக்' என்று கடினமாகத் தெரியும். கடி அப்படி இராது. சில நேரம் ஒரு சுண்டல். பல நேரம் அதுகூட இல்லை. நீரைத் தொடும் இடத்தில் நரம்பு தானாகப் பக்கவாட்டில் நகரத் தொடங்கும், ஓட்டத்துக்கு எதிராகக்கூட. அதைக் கண்ட கணத்தில் தளர்வைச் சுற்றி எடுத்து, மணிக்கட்டால் உறுதியாக இழுங்கள். ஸ்மால்மவுத் நீரைவிட்டுத் துள்ளும். துள்ளும்போது நரம்பு தளரக் கூடாது, கோலின் நுனியைத் தாழ்த்திப் பிடியுங்கள்.

மீன் விழுந்தவுடன் பின்னால் இருப்பவரின் வேலை கூடுகிறது. தன் தூண்டில் எதையும் பாராமல் படகை மெதுவான நீருக்குக் கொண்டுபோக வேண்டும். ரப்பர் வலையால் படகை ஒட்டி மீனை அள்ளி, வலையை நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். கையை நனைத்த பிறகே தொடுங்கள். உலர்ந்த கை அதன் வழவழப்பான காப்புப் படலத்தை உரித்துவிடும். கீழுதட்டைப் பெருவிரலால் பிடிக்கலாம், ஆனால் பெரிய மீனைக் கிடையாகத் தாடையால் மட்டும் தூக்காமல் வயிற்றின் கீழ் மறு கையைக் கொடுங்கள். படம் எடுப்பதென்றால் நீங்கள் மூச்சைப் பிடித்திருக்கும் நேரத்துக்குள். முள்ளைத் தொண்டைக்குள் விழுங்கியிருந்தால் கிண்ட வேண்டாம், நரம்பை அறுத்து விடுங்கள். விடும்போது மெதுவான நீரில் நேராகப் பிடித்திருங்கள். வலுப்பெற்றதும் தானே உதறிக்கொண்டு போகும்.

கறிக்கு வைத்துக்கொள்ள விரும்புபவர்கள், அந்தப் பகுதியில் வைத்துக்கொள்ள அனுமதி இருந்தால், சிறியவற்றில் ஒன்றிரண்டை எடுங்கள். பெரிய பாஸில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். முட்டையிட்டு இனத்தைப் பெருக்குவதும் அதுவே. ஒன்ராறியோ அரசு ஒவ்வொரு நீர்நிலைக்கும் மீனின் நீளத்துக்கும் ஏற்ப மாதத்துக்கு எத்தனை வேளை உண்ணலாம் என்று வழிகாட்டி வெளியிடுகிறது. கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் உள்ள வீடுகளில் அதைப் பார்த்த பின்பே சட்டியை அடுப்பில் வையுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும் மீனின் இனமும் எண்ணிக்கையும் பார்ப்பவருக்குத் தெரியும்படி இருக்க வேண்டும் என்பதால், ஆற்றங்கரையில் தோலுரித்துத் துண்டு போட வேண்டாம்.

கரையேறிய பின்

கனூவைக் கவிழ்த்து நீர் முழுவதையும் ஆற்றங்கரையிலேயே வடித்துவிடுங்கள். விளிம்பின் உட்பகுதி, நங்கூரக் கயிறு, காலணியின் அடி ஆகியவற்றில் ஒட்டியிருக்கும் பாசியையும் சேற்றையும் அங்கேயே அகற்றுங்கள். ஒரு நீர்நிலையின் அந்நிய உயிர்கள் இன்னொன்றுக்குப் பரவாதிருக்கப் படகின் நீரை வடித்துச் செடிகொடிகளை நீக்கிய பின்பே தரைவழி கொண்டுபோக வேண்டும் என்பது 2022 முதல் இங்கே சட்டம். அறுந்த நரம்பைச் சிறு துண்டும் விடாமல் பையில் சுருட்டிப் போடுங்கள். பறவைகளின் காலில் அது சுற்றிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் கனூவை இரண்டொரு நாள் வெயிலில் கவிழ்த்து உலர வையுங்கள், கயிறுகளை அவிழ்த்துத் தனியே காயப் போடுங்கள். பிறகு ஒரு குறிப்பேட்டில் அன்றைய திகதி, கோட்டுப்படம் காட்டிய நீரோட்ட எண், நீரின் நிறம், மீன் கடித்த ஒவ்வோர் இடமும் கல்லின் முன்னா, பின்னா, மடுவின் வாயா என்பது, அப்போது துடுப்புப் பிடித்திருந்தவர் யார் என்பது ஆகியவற்றை எழுதி வையுங்கள்.